இசிஎம்மை மாற்றும் முன் மீட்டரை எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் கார் பட்டறைகளில் ஒரே வசனம் திரும்பத் திரும்பக் காதில் விழும்: "ஸ்கேனர் போட்டுப் பார்த்தாச்சு சார், கம்யூனிகேஷன் இல்லை. இசிஎம் போயிடுச்சு." இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் பெட்டிதான் இசிஎம், சிலர் இசியூ என்பார்கள். புதிதாக வாங்கினால் சின்னக் காருக்கே பத்தாயிரங்களில் விலை. வசனத்தின் முதல் பாதியை ஸ்கேனர் சொன்னது. இரண்டாம் பாதி மெக்கானிக்கின் ஊகம். இந்த இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய சோதனைகள் அரைமணி நேர வேலை. அதற்கு ஒரு மல்டிமீட்டரும் 21 வாட் பல்பு ஒன்றும் போதும். மழைக்காலப் பராமரிப்பு என்றால் வைப்பர், டயர், பிரேக் என்று எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். இதை எழுதுவார் இல்லை என்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்தருள்க.

காரின் கம்ப்யூட்டர்களோடு பேசிப் பழுதைப் படிக்கும் கருவியான ஸ்கேனரில் பெரும்பாலும் வரும் கோடு (பழுதுக் குறியீடு) யூ0100 (U0100). 'இன்ஜின் கம்ப்யூட்டருடன் தொடர்பு அறுந்தது' என்பது அதன் பொருள். இதை எழுதி வைத்தது யார் என்று பாருங்கள். பிரேக்கைக் கவனிக்கும் ஏபிஎஸ் பெட்டியோ, ஸ்பீடாமீட்டர் இருக்கும் மீட்டர் போர்டோ, கியர் கம்ப்யூட்டரோதான். 'கூப்பிட்டேன், பதில் இல்லை' என்று அவை புகார் கொடுத்திருக்கின்றன. புகாரில் பெயர் இருப்பதாலேயே இசிஎம் குற்றவாளி ஆகிவிடாது. அதற்குக் கரண்ட் வராமல் இருக்கலாம், எர்த் இல்லாமல் இருக்கலாம், பேசும் ஒயர் அறுந்திருக்கலாம், வேறொரு பெட்டி கெட்டுப்போய் எல்லாருக்குமான லைனையே அடைத்துக்கொண்டிருக்கலாம். இதெல்லாம் இல்லை என்று ஆன பிறகுதான் இசிஎம் கெட்டது என்ற பேச்சு. பட்டறையில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது.

அதற்கும் முன்னால், கோடு இருந்தும் ஸ்கேனர் இப்போது இசிஎம்முடன் பேசுகிறதா என்று பாருங்கள். பேசினால் அந்தக் கோடு என்றோ பதிவான பழைய புகார். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பெட்டிகள் ஒன்றையொன்று தொலைத்துவிட்டு யூ வரிசைக் கோடுகளைக் கொத்தாக எழுதிவைக்கும். பேட்டரி முனையில் வெள்ளைப் பூப்பு, தளர்ந்த கிளாம்ப், நாலு வருடப் பேட்டரி இவற்றைக் கவனித்துவிட்டு, கோடுகளைக் குறித்துக்கொண்டு, அழித்து, ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்ப வந்தால்தான் மேற்கொண்டு வேலை.

இந்தப் பெட்டிகள் பேசிக்கொள்வது கேன் (CAN) என்ற முறையில். 1986இல் பாஷ் நிறுவனம் வெளியிட்டது. இன்று நம் சாலையில் ஓடும் புதுக் கார்களில் இது இல்லாத கார் இல்லை எனலாம். கயிறு போல முறுக்கிய இரண்டு ஒயர்கள், கேன் ஹை, கேன் லோ. யாரும் பேசாதபோது இரண்டிலும் 2.5 வோல்ட். பேசும்போது ஹை 3.5க்கு ஏறும், லோ 1.5க்கு இறங்கும். வெளியிலிருந்து இரைச்சல் வந்தால் இரண்டிலும் ஒரே அளவு ஏறும். பெட்டி பார்ப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே என்பதால் இரைச்சல் கழிந்துவிடும். ஒயரை முறுக்கியிருப்பது அதற்காகத்தான். லைனின் இரண்டு கோடியிலும் 120 ஓம் மின்தடை ஒவ்வொன்று இருக்கும். பெரும்பாலான கார்களில் ஒன்று இசிஎம்முக்குள்ளேயே. மற்றொன்று மீட்டர் போர்டிலோ, விளக்கு, கதவுப் பூட்டு இவற்றைக் கவனிக்கும் பாடி கம்ப்யூட்டரிலோ, பியூஸ் பெட்டியிலோ. இணையாக இருப்பதால் இரண்டும் சேர்ந்து 60 ஓம். இந்த 60 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகியதும் அதில் விளக்கு எரிகிறதா என்பது முதல் கேள்வி. 16ஆம் பின்னில் பேட்டரி வோல்ட் எப்போதும் இருக்க வேண்டும். 4, 5 ஆகிய இரண்டும் எர்த். பல கார்களில் இந்த 16ஆம் பின்னும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் ஒரே பியூஸில் ஓடுகின்றன. மலிவான மொபைல் சார்ஜர் ஒன்று அந்தப் பியூஸை எரித்துவிட்டால் ஸ்கேனர் உயிர்பெறாது. சொந்த பேட்டரியில் ஓடும் ஸ்கேனராக இருந்தால் இன்னும் குழப்பம். திரை பளிச்சென்று எரியும், சாக்கெட்டில் கரண்ட் இல்லை என்று தெரியாமலே போகும். பத்து ரூபாய் பியூஸுக்காக இசிஎம்மைக் கழற்றுவது இப்படித்தான் தொடங்குகிறது. மலிவு புளூடூத் ஸ்கேனரை வைத்து 'தொடர்பு இல்லை' என்று தீர்ப்புச் சொல்வதும் கூடாது. இன்னொரு நல்ல காரில் செருகி அது பேசுகிறதா என்று பார்த்துவிட்டு வரலாம்.

அடுத்து, யார் யார் பதில் சொல்கிறார்கள் என்று ஒவ்வொரு பெட்டியாகக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக், பாடி கம்ப்யூட்டர் எல்லாம் பேசி, இசிஎம் மட்டும் பேசவில்லை என்றால் லைன் உயிரோடு இருக்கிறது. கோளாறு இசிஎம்முக்குப் போகும் கரண்ட், எர்த், அந்தக் கிளை ஒயர், இவை எல்லாம் சரியென்றால் கடைசியாக இசிஎம்மில். யாருமே பேசவில்லை என்றால் சாக்கெட்டிலோ லைனிலோ கோளாறு. அந்த நிலையில் இசிஎம்மைக் குறை சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

இப்போது 60 ஓம் சோதனை. சாவியை எடுத்து, கதவுகளை மூடி, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி ஐந்து நிமிடம் காத்திருங்கள். கரண்ட் ஓடும்போது ஓம் அளந்தால் மீட்டர் வாய்க்கு வந்ததைக் காட்டும். பிறகு 6ஆம் பின்னுக்கும் 14ஆம் பின்னுக்கும் இடையே அளக்க வேண்டும். 6 ஹை, 14 லோ. 60ஐ ஒட்டி வந்தால் நல்லது. 120 வந்தால் ஒரு பக்கத்து மின்தடை எட்டவில்லை. ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது மின்தடை உள்ள பெட்டியின் கப்ளர் (ஒயர்களைப் பெட்டியோடு இணைக்கும் செருகி) கழன்றிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் ஹையும் லோவும் எங்கோ ஒட்டிக்கொண்டன. 40 வந்தால் மூன்றாவதாக ஒரு 120 ஓம் லைனில் உட்கார்ந்திருக்கிறது. வெளியில் வாங்கி மாட்டிய பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

இதோடு நிறுத்தாமல் இசிஎம் கப்ளரைக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். மின்தடை இசிஎம்முக்குள் இருக்கும் காரில் 60 என்பது 120 ஆக மாறும். மாறினால், சாக்கெட்டிலிருந்து இசிஎம்முக்குள் இருக்கும் மின்தடை வரைக்கும் இரண்டு ஒயரும் முழுசாக இருக்கின்றன என்று அர்த்தம். ஒயரிங்கைப் பிரிக்காமலே கிடைக்கும் விடை இது. அப்படிப்பட்ட கார் ஏற்கெனவே 120 காட்டி, கப்ளரைக் கழற்றியும் அதே 120 நின்றால், அறுப்பு இசிஎம் பக்கத்துக் கிளையிலோ இசிஎம்முக்குள்ளோதான் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை உண்டு. நடுவே லைன்களைப் பிரித்துச் செய்தியைக் கடத்திவிடும் கேட்வே என்ற பெட்டி இருக்கும் கார்களில் சாக்கெட்டில் அளப்பது கேட்வே வரைக்குமான லைனை மட்டுமே. அங்கே 60 வராமல் போனாலும் பதறாமல், அந்த மாடலின் ஒயரிங் படத்தைப் பார்த்து இன்ஜின் பக்க லைனில் அளக்க வேண்டும். 60 வந்துவிட்டதாலேயே லைன் சுத்தம் என்றும் சொல்ல முடியாது. ஒயர் பாடியில் உரசி எர்த் ஆகியிருந்தாலும், பேட்டரி ஒயருடன் ஒட்டியிருந்தாலும் இந்த எண் மாறாது.

அதைக் காட்டிக்கொடுப்பது வோல்ட். பேட்டரியைத் திரும்ப மாட்டி, இக்னிஷனைப் போட்டு, எர்த்தை வைத்து 6ஐயும் 14ஐயும் தனித்தனியாக அளங்கள். பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் சாதாரண மீட்டர் சராசரியைக் காட்டும்: ஹை 2.6 முதல் 2.8 வரை, லோ 2.2 முதல் 2.4 வரை. இரண்டையும் கூட்டினால் 5ஐ ஒட்டி வர வேண்டும். இரண்டும் பேட்டரி வோல்ட்டை நோக்கி ஏறி நின்றால் பேட்டரி ஒயருடன் உரசல். பூஜ்யத்தை ஒட்டி விழுந்தால் எர்த். இரண்டும் மயிரிழை வித்தியாசமில்லாமல் 2.5இல் நின்றால் யாரும் பேசவில்லை, அல்லது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. எது என்பதை முன்பு அளந்த ஓம் சொல்லிவிடும். மின்அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது; ஹையின் அலையும் லோவின் அலையும் கண்ணாடியில் பார்த்தது போல எதிரெதிராக வர வேண்டும். சாதாரணப் பட்டறைக்கு மீட்டரே தாராளம்.

லைன் அடைபட்டிருந்தால் பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, வோல்ட் திரும்புகிறதா, ஸ்கேனர் பேசுகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியில் மாட்டிய பொருள்களிலிருந்து தொடங்குவது உத்தமம்: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஜிபிஎஸ் டிராக்கர், ரிமோட் லாக், ரிவர்ஸ் கேமரா. பிறகு தண்ணீர் படக்கூடிய இடத்தில் இருக்கும் ஏபிஎஸ் பெட்டி. எதைக் கழற்றியதும் மற்றவை பேசத் தொடங்குகின்றனவோ அதுவோ அதன் கிளை ஒயரோதான் காரணம். ஏர்பேக் பெட்டியைத் தொடுவதென்றால் பேட்டரியைக் கழற்றி, கம்பெனி சொல்லும் நேரம் காத்திருந்துதான் தொட வேண்டும். இதில் அவசரம் ஆகாது.

இனி, பலரும் தவறு செய்யும் இடத்துக்கு வருகிறேன். இசிஎம்முக்குக் கரண்ட் வருகிறதா என்று மீட்டர் முள்ளை வைத்து, 12 வோல்ட் காட்டியதும் 'சப்ளை ஓகே' என்று எழுதிவிடுகிறார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகச் சொற்பம். இருபது இழையில் பத்தொன்பது அறுந்து ஒன்று தொங்கினாலும் அது 12 வோல்ட் காட்டும். இசிஎம் வேலை செய்யத் தொடங்கியதும் அந்த ஓர் இழையால் தாங்க முடியாது. அதனால்தான் பல்பு. பழைய இண்டிகேட்டர் பல்பு, 21 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். இசிஎம் கப்ளரைக் கழற்றி, ஒயரிங் பக்கத்தில் சப்ளை பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே பல்பைப் பிடியுங்கள். பளீரென்று எரிய வேண்டும். எரியும்போதே அந்தப் பின்னில் வோல்ட்டையும் அளங்கள். பேட்டரி வோல்ட்டிலிருந்து அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வழியில் தடை இருக்கிறது. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஒவ்வொரு எர்த் பின்னுக்கும் நடுவே. எர்த் ஒயர்கள் மூன்று நான்கு இருக்கும். ஒன்று நன்றாக இருந்தால் மற்றவையும் அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. கேன் ஒயரிலும் சென்சார் ஒயரிலும் இந்தப் பல்பை மறந்தும் வைக்காதீர்கள்.

ஒரு பொறி இருக்கிறது. சப்ளைகளில் ஒன்று பேட்டரியிலிருந்து நேரே வரும், ஒன்று இக்னிஷன் சுவிட்ச் வழி, இன்னொன்று மெயின் ரிலே என்ற மின்சுவிட்ச் வழி. மெயின் ரிலேயை இழுப்பதே பல கார்களில் இசிஎம்தான். அதைக் கழற்றிவிட்டால் ரிலே இழுக்காது, அந்தப் பின்னில் கரண்டும் வராது. வரவில்லையே என்று ஒயரிங்கைப் பிரிக்கத் தொடங்கினால் இரண்டு நாள் போய்விடும். படத்தைப் பார்த்து, கப்ளரில் ரிலேயின் கன்ட்ரோல் ஒயர் வரும் பின்னை எர்த்தில் தொட்டால் ரிலே 'டிக்' என்று இழுக்கும், அப்போது அளங்கள்.

எர்த்துக்கு இன்னொரு சோதனை: எல்லாம் மாட்டிய நிலையில் மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை கப்ளரின் பின்புறமாக இசிஎம் எர்த் ஒயரில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். 0.2ஐத் தாண்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்டையும் துருவையும் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கடலோர ஊர்க் கார்களில் பாதிப் பிரச்சினை இந்த ஒரு போல்ட்டில் முடிந்துவிடும்.

கரண்ட், எர்த், லைன் எல்லாம் சரி. இன்னும் இசிஎம் பேசவில்லை. அப்போதும் ஒரு படி மிச்சம். சென்சார்களுக்கு இசிஎம் 5 வோல்ட் கொடுக்கிறது. ஒரு சென்சாரோ அதன் ஒயரோ எர்த் ஆகிவிட்டால் சில கார்களில் அந்த 5 வோல்ட் படுத்து, இசிஎம்மையும் சேர்த்து முடக்கிவிடும். ஏதாவதொரு மூன்று ஒயர் சென்சாரின் கப்ளரில் 5 வோல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள்: ஏசி பிரஷர் சென்சார், மேப் சென்சார், கேம், கிராங்க், ஆக்ஸிலரேட்டர் பெடல். ஒன்றைக் கழற்றியதும் 5 வோல்ட் துள்ளி வந்து ஸ்கேனரும் பேசினால், சென்சார் விலையோடு பிரச்சினை முடிந்தது.

எங்கே பழுதாகிறது என்று கேட்டால், நம் ஊரில் முதலிடம் எலிக்கு. கியர்பாக்ஸுக்கு மேலே, இன்ஜின் கவருக்கு அடியில், சூடு தங்கும் இடத்து ஒயரைத்தான் அது கடிக்கும். மேலே டேப் லேசாகக் கிழிந்தது போலத் தெரியும். உள்ளே கேன் லோ மட்டும் அறுந்திருக்கும். அடுத்தது தண்ணீர். 2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னை, தூத்துக்குடி, நெல்லைப் பக்கங்களிலும் வெள்ளத்தில் நின்ற கார்களைப் போல, முங்கிய காருக்குப் பிரச்சினை அன்றே வருவதில்லை. கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் ஜாயின்ட்டுகளில் ஈரம் தங்கி, மாதங்கள் கழித்துப் பச்சைக் களிம்பு பூக்கும். தாமிர இழைகளுக்கு நடுவே தண்ணீர் திரி போல ஏறிக்கொள்வதால் களிம்பு கப்ளரோடு நிற்காமல் ஒயருக்குள்ளும் போயிருக்கும். பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டியெடுக்க வேண்டும். பானெட்டைத் திறந்து பிரஷர் வாஷ் அடிப்பதும் இதில் சேர்த்தி. ஒயரைக் குத்திக் கரண்ட் எடுக்கும் நீல நிறக் கிளிப்பும், பேட்டரியைக் கழற்றாமல் அடிக்கும் வெல்டிங்கும், பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுக்கும் ஜம்ப் ஸ்டார்ட்டும் மனிதர்கள் நாமே செய்யும் கைங்கரியம்.

சோதிக்கிறேன் என்று தடித்த மீட்டர் முள்ளைக் கப்ளரின் பெண் பின்னுக்குள் திணிப்பதையும் சொல்லியாக வேண்டும். பின் விரிந்துபோகும், பிறகு காரை ஆட்டினால் தொடர்பு போகும், நின்றால் வரும். பின்பக்கமாக மெல்லிய ஊசி விட்டு அளப்பதே முறை. விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு மீட்டரை மாட்டிவைத்து ஒயரிங்கை அடி அடியாக ஆட்டிப் பாருங்கள். குளிர்ந்தபோது சரியாகவும் சூட்டில் கோளாறாகவும் இருந்தால் தலைமுடி உலர்த்தியால் சந்தேகப்படும் கப்ளரைச் சூடாக்கிப் பார்க்கலாம்.

அறுந்த கேன் ஒயரை ஒட்டுவதற்கும் முறை இருக்கிறது. முறுக்கி டேப் சுற்றினால் ஆறு மாதத்தில் அதே காரணத்துக்காக வண்டி திரும்ப வரும். அதே கனமுள்ள ஒயர், பொதுவாக 0.35 அல்லது 0.5 சதுர மி.மீ.; நல்ல கிரிம்ப்போ சாலிடரோ போட்டு, உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ் போட வேண்டும். ஹை ஜாயின்ட்டும் லோ ஜாயின்ட்டும் நேருக்கு நேர் வராமல் சில சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். முறுக்கைத் திரும்பக் கொடுங்கள், இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று. முறுக்கில்லாத நீளம் 5 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். இக்னிஷன் காயில் ஒயரோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

இத்தனையும் தாண்டி இசிஎம் நிஜமாகவே கெட்டிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் அதே மாடல் பெட்டி கிடைத்தது என்று வாங்கி மாட்டினால் பெரும்பாலும் கார் ஸ்டார்ட் ஆகாது. சாவியின் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) குறியீடு அதோடு ஒத்துப்போகாது. பழைய பெட்டியின் தகவலை அப்படியே நகலெடுக்க வேண்டும், அல்லது கம்பெனி மென்பொருளால் புதிதாகப் பழக்க வேண்டும். காமன் ரெயில் டீசல் என்றால் பெரும்பாலும் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு இன்ஜெக்டரின் மேலும் பொறித்திருக்கும் குறியீட்டையும் எழுத வேண்டும். விட்டால் புகையும் ஆட்டமும் வரும். பழைய இசிஎம்மைச் செத்தது என்று தூக்கிப்போடாமல் பத்திரப்படுத்துங்கள். நகலெடுக்க அதுதான் மூலம்.

கார் வைத்திருப்போருக்கு ஒரு வேண்டுகோள். இசிஎம் மாற்ற வேண்டும் என்று எஸ்டிமேட் வந்தால் ஜாப் கார்டில் நான்கு எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி வோல்ட், 6க்கும் 14க்கும் இடையே ஓம், பல்பு எரியும்போது சப்ளை பின்னின் வோல்ட், எர்த் பின்னில் விழும் வோல்ட். வேலை தெரிந்த பட்டறை முகம் சுளிக்காமல் எழுதித் தரும்.

ஐடிஐ மோட்டார் மெக்கானிக் பயிற்சியில் இதைக் கற்றுக்கொடுக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. ஒரு பலகை, இரண்டு 120 ஓம் மின்தடை, நான்கு மீட்டர் முறுக்கிய ஒயர், நடுவே ஆசிரியர் ரகசியமாக அறுக்கவோ ஒட்டவோ இரண்டு சுவிட்ச். மாணவன் கையில் மீட்டரைக் கொடுத்து, கோளாறு எந்தப் பக்கம் என்று கேட்கலாம்.

— வாகன எலக்ட்ரீஷியன்,
கோயம்புத்தூர்